ஈரம் காயும் முன்

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகருக்கு அருகே இருக்கிறது மெஸ்ஸல் சுரங்கக் குழி. 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்த பள்ளத்தில் இங்கே ஓர் ஏரி இருந்தது. அதன் அடிச் சேறுதான் இன்று எண்ணெய் ஊறிய கரும்பாறை. குப்பைக் கிடங்காக வேண்டிய இடத்தை மக்கள் போராடிக் காத்தார்கள். 1995இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது.

குழிக்குள் அகழ்வாளர்கள் நீளக் கத்தியோடு அமர்ந்திருந்தார்கள். ஒட்டிப்போன பழஞ்சுவடியின் ஏட்டைப் பிரிப்பதுபோல், பாறையை அடுக்கடுக்காகப் பிரித்தார்கள். அதில் சுமார் 40 விழுக்காடு நீர். காய்ந்தால் பாறை வெடிக்கும். உள்ளிருக்கும் எலும்பும் நொறுங்கும். அதனால் எது கிடைத்தாலும் உடனே ஈரத்தாளில் சுற்றிவிடுகிறார்கள்.

பணிக்கூடத்தில், நுண்ணோக்கியில் கண் பதித்திருந்தார் ஓர் அம்மையார். ஒரு கொறித்துண்ணியின் பின்னங்கால். ஊசி முனையால் ஒரு செதில் அகற்றுவார், ஒரு சொட்டு நீர் விடுவார், மறுபடி ஊசி. ஒரு பக்கம் சுத்தமானதும் சுற்றிலும் அணை கட்டிப் பிசின் ஊற்றுவார்கள். அது இறுகியபின் புரட்டிப்போட்டு, மறுபக்கப் பாறையை முழுவதும் எடுத்துவிடுவார்கள். கல்லில் கிடந்த எலும்பு இப்போது தேன்நிறப் பிசினில் கிடக்கும்.

தொடை எலும்பின் ஓரத்தில் மயிரிழை போன்ற ஒரு மேடு. கல்துணுக்கு என்று நினைத்தேன். இல்லை, தசை பற்றியிருந்த இடம் என்றார். அதைச் சுரண்டிவிட்டால் அந்த விலங்கு எப்படி நடந்தது என்பதற்கான சாட்சியும் போய்விடும்.

சாட்சிகள் பல. முழங்கைக்குப் பின்னால் நீளும் எலும்பு முனை நெம்புகோல். அது நீண்டிருந்தால் மண் தோண்டிய கை. பின்னங்கால் மிக நீண்டு, கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் ஒட்டியிருந்தால் தாவிய கால். நகம் வளைந்து கூர்ந்து, கணுக்கால் நன்றாகத் திரும்பினால் மரமேறி. ஆனால் உடல் பருமனும் பரம்பரையும்கூட எலும்பின் வடிவை மாற்றும். ஆகவே ஒரே எலும்பை நம்பாமல், இன்று வாழும் அணில், எலி, வளைவாசிகளின் அளவுகளோடு பலவற்றை ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்கிறார்கள்.

இங்கே கிடைத்த ஐலுராவஸ் என்ற கொறித்துண்ணி, வாலோடு ஏறத்தாழ 1 மீட்டர் நீளம். அடர்முடி வாலின் நிழல்கூடப் பாறையில் பதிந்திருக்கிறது. வளைந்த நகம், நீண்ட வால், வயிற்றில் இலைத் துணுக்குகள்: மூன்றும் மரத்தையே காட்டுகின்றன. இவற்றில் ஒன்றை ஊசி கீறியிருந்தால் அந்தக் கதை குறைப்பட்டிருக்கும். ஆய்வாளர் படிக்கும் எழுத்தை அழியாமல் கொடுப்பது இந்தக் கைகள்தான்.

மாலையில் அந்த அம்மையார் ஈரத்துணியால் பாதத்தை மூடினார். அன்று முழுக்க வெளிவந்தவை மூன்று விரல்கள்.

“நான்காவது நாளைக்கு” என்றார்.