காசியில் ஓடும், பாண்டியில் ஓடுமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

பத்தாம் வகுப்பு 1992 செட்டின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாணவர் காசி ரோப்வே சோதனை ஓட்டக் காணொளியைப் போட்டிருந்தார். "சார், பஸ் ஸ்டாண்டுல இருந்து பீச்சுக்கு இப்படி ஒண்ணு விட்டா நம்ம ஊரு டிராஃபிக் தீருமா? கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்று கேள்வி வேறு. அதே காணொளியைக் குடும்பக் குழுவில் போட்டேன். "மாமா, தங்கத்தால செஞ்சு தொங்கவிட்டாலும் நான் ஏற மாட்டேன்" என்றாள் அக்கா மகள். ஒருவருக்குச் செலவுக் கணக்கு, இன்னொருவருக்கு உயிர்ப் பயம். எழுத உட்கார்ந்தபோது இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிந்தது.

முதலில் காசி. நானும் உங்கள் டீச்சரம்மாவும் போனபோது கண்டோன்மென்ட் ரயில் நிலையத்திலிருந்து கோதௌலியா பக்கம் இருக்கும் சத்திரத்துக்குப் போக ரிக்‌ஷாவில் ஒரு மணி நேரம் ஆயிற்று. நாலு கிலோமீட்டர்கூட இல்லை. மாடு, மாப்பிள்ளை ஊர்வலம், தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் வழி விட்டுத்தான் போக வேண்டும். அந்தத் தெருக்களை அகலப்படுத்தவும் முடியாது, அடியில் சுரங்கம் தோண்டுவதும் லேசில்லை. அதனால்தான் அந்த வழியில் 5 நிலையங்களோடு 3.75 கிலோமீட்டருக்கு ரோப்வே அமைக்க 24.3.2023 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். அப்போது சொன்ன மதிப்பு சுமார் 645 கோடி ரூபாய். மலைக்கோயிலுக்கு இல்லாமல், ஊருக்குள் மக்கள் போக்குவரத்துக்காக இந்தியாவில் கட்டப்படும் முதல் ரோப்வே அது.

இப்போது கணக்கு. 645-ஐ 3.75-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 172 கோடி. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி, அதாவது கிலோமீட்டருக்கு சுமார் 532 கோடி. மூன்றில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் மெட்ரோ ஏற்றிச் செல்லும் கூட்டம் வேறு. காசியில் ஒரு திசையில் மணிக்கு 3,000 பேர் போகலாம் என்கிறார்கள். பெட்டிக்கு 10 பேர் என்றால் 12 விநாடிக்கு ஒரு பெட்டி. அதே 3,000 பேரைப் பேருந்தில் ஏற்றினால், வண்டிக்கு 60 பேர் வீதம் மணிக்கு 50 பேருந்து, 72 விநாடிக்கு ஒன்று. காசியின் சந்துகளில் அது நடக்காது. மறைமலை அடிகள் சாலையில் மனசு வைத்தால் நடக்கும்.

நம் ஊரிலேயே ஒரு ஒப்பீடு இருக்கிறது. இந்திரா காந்தி சிலைக்கும் ராஜீவ் காந்தி சிலைக்கும் நடுவே சுமார் 4 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு 2025 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். 436 கோடி. பாலம் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. கயிற்றில் தொங்குவதென்றால் மலிவாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு மட்டும் தவறு.

பயத்துக்கு வருவோம். அக்கா மகளுக்கு எல்லாரையும் போலக் கயிறு அறுந்துவிடுமோ என்றுதான் கவலை. நடந்த விபத்துகளைப் பார்த்தால் கயிற்றைவிட மனிதர்கள்தான் அதிகம் தெரிகிறார்கள். இத்தாலியில் ஸ்ட்ரெசா என்ற ஊரில் 2021 மே மாதம் 14 பேர் இறந்தார்கள். இழுவைக் கயிறு அறுந்தது உண்மை. அறுந்தால் பெட்டியைப் பிடித்து நிறுத்த அவசர பிரேக்கும் இருந்தது. அது அடிக்கடி தானாக விழுந்து ஓட்டத்தைக் கெடுக்கிறதென்று, பிடிக்காதபடி கவ்வி மாட்டி வைத்திருந்தார்கள். பிழைத்தது ஒரே ஒரு சிறுவன். ஜார்க்கண்டில் தேவ்கர் அருகே திரிகூட மலையில் 2022 ஏப்ரலில் பெட்டிகள் மோதி, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் அந்தரத்தில் மாட்டிக்கொண்டார்கள். விமானப்படை ஹெலிகாப்டர் வந்து இறக்கியது. இறந்த மூவரில் இருவர் மீட்கும்போது விழுந்தவர்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த யாருக்கும் மறக்காது. மலையிலாவது ஹெலிகாப்டர் வர இடம் இருந்தது. மொட்டை மாடிக்கும் மின்கம்பிக்கும் நடுவே தொங்கினால்? அதற்குத்தான் மின்சாரம் போனாலும் பெட்டிகளை நிலையத்துக்கு இழுத்து வர தனி டீசல் எந்திரம் வைக்கிறார்கள். அதை நல்ல நிலையில் வைத்திருக்க ஆளும் பணமும் வேண்டும்.

பழனி நமக்குத் தெரிந்த இடம். அங்கும் 2007-இல் விபத்து நடந்து உயிர்கள் போயின. இன்று பழனி ரோப்கார் மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக நிற்கும். ஆண்டுக்கு ஒரு முறை ஒரு மாதத்துக்கும் மேல் நிற்கும். காற்று பலமாக அடித்தாலும் நிறுத்திவிடுவார்கள். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், பிறகு விஞ்ச்சுக்கோ படிக்கோ போவார்கள். குளித்தலை அய்யர்மலையில் 2024 ஜூலையில் ரோப்கார் திறந்த மறுநாளே காற்றில் சிக்கிப் பெண்கள் நடுவழியில் தொங்கினார்கள். அது குன்று. நாமோ கடலோரம். 2011 தானே புயலில் நம் தெருவில் நின்ற மரம் எத்தனை என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். 2024 ஃபெஞ்சலில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கார்த்திகை மாதத்தில் எத்தனை நாள் பெட்டி ஓடும்?

நிறுத்துவது தப்பில்லை, நிறுத்தத்தான் வேண்டும். வைத்திக்குப்பத்தில் இருக்கும் எனக்கு இதை யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இங்கே விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. போதவில்லை என்று சண்டை வரும், ஆனாலும் தருகிறது. நிற்கும் நாளுக்குக் காசு இல்லையென்றால் எவனும் நிறுத்த மாட்டான். ரோப்வேயும் அப்படித்தான். டிக்கெட் வசூலை நம்பியே ஓட்டுகிறவனுக்கு, காற்றடிக்கும் நாளில் சுவிட்சை அணைக்கக் கை வராது. காசி ஒப்பந்தத்தில் கட்டுகிறவர்களே 15 ஆண்டு ஓட்டிப் பராமரிக்கவும் வேண்டும் என்று வைத்திருப்பது எனக்குப் பிடித்த அம்சம். ஆனால் கயிறுக்குப் பதினாறாவது ஆண்டும் உண்டு.

இன்னொன்று. பொலிவியாவின் லா பாஸ் நகரத்தில் 2014 முதல் இந்தப் பெட்டிகள்தான் மெட்ரோ. 10 தடங்கள். வேலைக்குப் போகிறவர்கள், காய்கறிக்காரம்மாக்கள் எல்லாரும் ஏறுகிறார்கள். கீழே ஊர், 400 மீட்டர் மேலே இன்னொரு ஊர், நடுவில் வளைந்து வளைந்து ஏறும் சாலை. அங்கே அது தேவை. லண்டனில் 2012 ஒலிம்பிக்ஸ் சமயத்தில் தேம்ஸ் ஆற்றின் மேல் சுமார் 60 மில்லியன் பவுண்டில் ஒன்று கட்டினார்கள். ஏறுகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள்.

பாண்டியில் கட்டினால் அது லண்டன் கதையாகத்தான் போகும் என்பது என் கணிப்பு. சனி, ஞாயிறு வெளியூர்க்காரர்கள் செல்ஃபி எடுப்பார்கள். அஜந்தா சிக்னலில் நிற்கும் நீங்கள் அப்போதும் அங்கேயேதான் நிற்பீர்கள். தூணுக்கு இடம் தேடும்போது ஒயிட் டவுனில் யாரும் கை வைக்க மாட்டார்கள். பாரம்பரியக் கட்டடம் என்பார்கள். வலை காயப்போடும் மணலும் குப்பத்துத் தெருவும்தான் காலியிடமாகக் கண்ணில் படும்.

மாசி மகத்துக்கு மயிலம் முருகனும் தீவனூர் பிள்ளையாரும் நம் கடற்கரைக்கு வரும் நாளில் என்ன செய்வது என்று சிலர் கேட்பீர்கள். அன்று மணிக்கு 3,000 பேர் எந்த மூலைக்கு? அன்றைக்கு எல்லாரும் நடந்துதான் ஆக வேண்டும். நானும் நடப்பேன், முட்டி வலியோடு.

ஆக, 1992 செட் மாணவருக்கு என் விடை: காசிக்குச் சரி, நமக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதிக்கு டவுன் பஸ் வாங்கி, ராத்திரி பத்து மணி வரைக்கும் முத்தியால்பேட்டைக்கும் இந்தப் பக்கத்துக்கும் ஒழுங்காக விட்டாலே பாதி ஸ்கூட்டர் வீட்டில் நிற்கும். மாற்றுக் கருத்து இருந்தால் கணக்கோடு எழுதுங்கள், திருத்தித் தருகிறேன்.

அக்கா மகளே, நீ தை மாதம் பழனிக்குப் போவதாகச் சொன்னாய். பயமில்லாமல் ரோப்காரில் ஏறு. "இன்று காற்று, ஓடாது" என்று பலகை வைத்திருந்தால் சண்டை போடாதே, விஞ்ச்சில் போ. காசிக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் கோதௌலியாவில் இறங்கியதும் எனக்கு எழுதுங்கள்: டிக்கெட் எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை நாள் நிறுத்துகிறார்கள், உள்ளூர்க்காரர்கள் ஏறுகிறார்களா. மூன்றாவதை மறக்காமல் பாருங்கள்.