மண்ணுளியின் நோன்பு

2023ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயலின் மழை ஓய்ந்து, தேங்கிய நீர் இன்னும் வடியாத நாட்கள். மாலைத் திருப்பலி முடிந்து அனைவரும் சென்றபின், மாமல்லபுரம் சாலையை ஒட்டிய எமது பங்கு இல்லத்தின் வாசலில் ஒரு பெண் தயங்கி நின்றாள். கையில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி.

"சாமி, இத வீட்டுல வச்சிருக்கப் பயமா இருக்கு. அவரு எங்கயாவது தூக்கிப் போட்டுடுவேங்கறாரு."

திறந்து பார்த்தேன். உள்ளே மண்நிறத்தில் ஒரு பாம்பு. வாலும் தலையைப்போலவே மழுங்கியிருந்தது. மக்கள் இருதலைப் பாம்பு என்றழைக்கும் மண்ணுளிப் பாம்பு அது. நஞ்சற்றது, தளர்ந்த மண்ணுக்குள் புதைந்திருந்து எலிகளைப் பிடித்துண்டு, உழவனுக்கு ஓசையின்றி உதவி செய்வது. ஆனால் அந்தப் பெட்டியில் கிடந்தது பாம்பின் நிழல் என்றே சொல்லவேண்டும். முதுகெலும்பு கூரைமுகடு போல் எழுந்து நின்றது. விலாப்புறத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. கண்கள் உள்வாங்கியிருந்தன.

அவள் கணவர் வீடுகளுக்கு வர்ணம் பூசுகிறவர். யாரோ ஒரு தரகன், இப்பாம்பு வீட்டிலிருந்தால் செல்வம் கொழிக்கும், வெளியூர்ப் பணக்காரர்கள் இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்குவார்கள் என்று ஆசை காட்டியிருக்கிறான். மனைவியின் தாலிச் சங்கிலியை அடகு வைத்து, மேலும் கடன் வாங்கி, அறுபதாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டார். எடைக்கு ஏற்ற விலையாம். ஆகவே எடை கூட்டவேண்டும் என்று கோழிக்கறித் துண்டுகளைக் குச்சியால் அதன் வாய்க்குள் திணித்திருக்கிறார். அது கக்கியது. மீண்டும் திணித்தார். மீண்டும் கக்கியது. நான்கு மாதங்கள் இப்படியே சென்றன. வாங்குவதாகச் சொன்னவன் வரவேயில்லை. தரகனின் தொலைபேசியும் அணைந்துவிட்டது.

இப்பாம்பைப் பிடிப்பதும், வைத்திருப்பதும், விற்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குத் தெரிவித்தால் ஏற்கெனவே ஏமாந்த ஒரு குடும்பம் விசாரணையிலும் சிக்கும். தெரிவிக்காவிட்டால் இந்த உயிர் போகும். தரகன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவான். கணவரை வரவழைத்தேன். "தம்பி, நானும் உன்னோடு வருகிறேன். நீயே ஒப்படை" என்றேன். நெடுநேரம் தரையையே பார்த்திருந்துவிட்டுச் சரி என்றார். தொலைபேசியில் பேசியபோது, சாலையில் நீர் வடிந்ததும் காலையில் வருவதாக வனவர் சொன்னார்.

அன்றிரவு நான் செய்த காரியத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குருமடத்தில் தத்துவமும் இறையியலும் பயின்ற நான், ஒரு கிண்ணத்தில் பால் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்! காலையில் அதில் எறும்புகள் மிதந்தன.

வனவரோடு ஓர் இருளர் முதியவரும் வந்திருந்தார். கிண்ணத்தைக் கண்டதும் அவர் முகத்தில் மெல்லிய சிரிப்பு. "பாலை எடுத்துருங்க சாமி. பாம்புக்கு அது செரிக்காது. நாகபஞ்சமிக்குக் குடிக்குதேன்னு சொல்வாங்க. பல நாளு தண்ணி காட்டாமப் போட்டு வச்சா, எதைக் கொடுத்தாலும் குடிக்கத்தான் செய்யும்" என்றார்.

அந்த முதியவர் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் பல்லாண்டு உழைத்தவர். பாம்புத்தோல் வாணிகம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பிழந்த இருளர்களுக்காக 1978இல், ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் தோன்றிய சங்கம் அது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, மண்பானைகளில் சில வாரங்கள் வைத்து, நஞ்செடுத்தபின் வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து அந்த நஞ்சிலிருந்தே தயாராகிறது. இந்த மக்களில் இருவர், மாசி சடையனும் வடிவேல் கோபாலும், 2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கே அழைக்கப்பட்டு மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். நம் பங்கு எல்லைகளில் ஏரிக்கரைக் குடிசைகளில் வாழ்பவர்கள் இவர்கள். நம்மில் எத்தனைபேர் இவர்களைப் பெயர் சொல்லி அழைத்திருக்கிறோம்?

வனத்துறை அலுவலகத்தில் எடை பார்த்தார்கள். 310 கிராம். உடனே எலி கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஐந்து நாட்கள் ஒன்றுமே கொடுக்கவில்லை. கால்நடை மருத்துவர் சொற்படி, ஆழமற்ற தட்டில் வெதுவெதுப்பான நீர் வைத்து, தினமும் சிறிது நேரம் அதில் கிடக்கவிட்டார்கள். உலர்ந்த மணல் நிரப்பிய பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் விளக்கின் சூடு. மறுபக்கம் குளிர்ச்சி. தேவையான இடத்தைப் பாம்பே தேர்ந்துகொள்ளும். அதற்குச் சொந்தமாக உடற்சூடு இல்லை. வெளிச்சூடு கிடைக்காவிட்டால் விழுங்கியது வயிற்றுக்குள்ளேயே அழுகிவிடுமாம். யாரும் தூக்கவும் கூடாது, எட்டிப்பார்த்துக்கொண்டே இருக்கவும் கூடாது.

"பட்டினி கிடந்ததற்கு இன்னும் பட்டினியா?" என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் எனக்குப் புதிது. நீண்ட இடைவெளி விட்டு உண்ணும் பாம்புகளின் குடல், இரையில்லாக் காலத்தில் சுருங்கிக்கொள்கிறது. உணவு உள்ளே போனதும் அது மீண்டும் வளரவேண்டும். பர்மிய மலைப்பாம்பு ஒரு பெரிய இரையை விழுங்கினால், இரண்டு மூன்று நாட்களில் அதன் இதயமே 40 விழுக்காடு பெருக்கிறதாம். அத்தனைக்கும் சேமிப்பில் பலம் வேண்டும். சேமிப்பே இல்லாத உடலில் பெரிய உணவு ஒரு சுமை. மனிதருக்கும் இத்தகைய ஆபத்து உண்டு. 1945 ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படையினர் பெர்கன்-பெல்சன் வதைமுகாமை விடுவித்தபோது, எலும்பும் தோலுமாய் நின்றவர்களுக்கு இரக்கம் மேலிட்டுத் தங்கள் கொழுப்பு மிகுந்த உணவை அள்ளிக் கொடுத்தார்கள். உண்டவர்களில் பலர் இறந்துபோனார்கள்.

இதைக் கேட்டபின்னும் நான் பிழை செய்தேன். ஆறாம் நாள் அந்தி நேரத்தில், கண் திறவாத சுண்டெலிக் குஞ்சு ஒன்றை, உயிரற்றதை, இடுக்கியால் மணல்மீது வைத்தார்கள். விளக்கைத் தணித்துவிட்டு விலகி நின்றோம். வெகுநேரம் கழித்து மணல் அசைந்தது. குஞ்சைக் காணவில்லை. அடுத்த வாரம் மற்றொன்று. கிறிஸ்து பிறப்பு விழாவன்று கேக் கொடுக்கப் போனவன், "இன்றைக்கு இன்னொன்று வைத்தால் என்ன?" என்று அங்கிருந்த இளம் காவலரிடம் கேட்டுவிட்டேன். சாமியார் சொல்லைத் தட்டலாமா என்று அவர் பெரிய எலியாகவே வைத்துவிட்டார். இரண்டாம் நாள் அத்தனையும் வெளியே வந்துவிட்டது. எடை 298 கிராம். இனி இரண்டு வாரம் குடல் ஆறவேண்டும், அதுவரை தண்ணீர் மட்டுமே என்றார் மருத்துவர். காவலருக்குக் கிடைத்த கண்டிப்பு எனக்கு உரியது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

முதியவர் கோபிக்கவில்லை. "பசி இல்லன்னு நாம சொல்லல சாமி. தாங்காதுன்னுதான் சொல்றோம்" என்றார். அந்த இரண்டு வாரங்களில் திருப்பலிக்குப் பிறகு எனக்குக் காலை உணவு இறங்கவில்லை.

பாம்பு பிழைத்தது. சனவரி நடுவில் மறுபடியும் ஒரு சிறு குஞ்சிலிருந்து தொடங்கினார்கள். எடை ஏறும் வரையில் அளவைக் கூட்டவில்லை. இரை விழுங்கிய இரண்டு நாட்கள் யாரும் தொடவில்லை. பிப்ரவரியில் ஒருமுறை தின்ன மறுத்தபோது நான் பதறினேன். கண்கள் பால்நிறமாகியிருந்தன, தோலுரிக்கப் போகிறது என்றார் முதியவர். அப்படியே ஆயிற்று. மார்ச் முடிவில் 465 கிராம். முதுகெலும்பு சதைக்குள் மறைந்து, உடல் உருண்டிருந்தது.

இதற்கிடையில் அந்தக் குடும்பத்தின் கடன் முழுவதையும் ஒரே ஞாயிறு காணிக்கையில் தீர்த்துவிடலாம் என்று எண்ணி, அவரை அழைத்துச் சொன்னேன். அவர் தலையசைத்து மறுத்தார். "ஊர் முன்னாடி வேணாம் சாமி. மகளுக்கு இந்த ஒரு தவணைப் பள்ளிக்கட்டணம் மட்டும் கட்டிக் கொடுங்க. மத்தத நான் வேலை செஞ்சு அடைச்சிருவேன்." கோவில் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடிக்கும் வேலை இருந்தது. கூலி பேசி ஒப்படைத்தேன். வனத்துறை விசாரணைக்கு அழைத்தபோதெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு, தவறாமல் போய்வந்தார்.

2024 உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த வாரம், வனத்துறையார் தேர்ந்த ஒரு புதர்க்காட்டு ஓரத்தில் பையை அவிழ்த்தார்கள். அவரும் வந்திருந்தார், கைகளில் சுண்ணாம்புக் கறையோடு. பாம்பு சற்று நேரம் அசையாமல் கிடந்தது. பின்பு தலையை மணலுக்குள் செலுத்தியது. உடல் மெல்ல மெல்ல உள்ளே போயிற்று. கடைசியில் தலைபோன்ற அந்த மழுங்கிய வால் மட்டும் வெளியே தெரிந்தது.

"இப்ப எவ்வளவு எடை சாமி?" என்று கேட்டார் அவர்.

சொன்னேன்.

முதியவர் வெறும்பையை உதறி மடித்தார். மூவரும் சாலைக்கு நடந்தோம்.