குப்பை அள்ளினாலும் புள்ளி

பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேம்பாடு படிக்கிறேன் என்றதும், "பி.டி. மாஸ்டர் வேலைக்கா?" என்று கேட்கிறார்கள். அதுவும் நல்ல வேலைதான். ஆனால் என்னை இந்தப் படிப்புக்குள் இழுத்தது நைரோபியின் மதாரே குடிசைப் பகுதி. 1987இல் பாப் மன்றோ அங்கே தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கத்தில், கால்பந்து அணிகள் ஜெயித்தால் மட்டும் போதாது. தெருவில் இறங்கிக் குப்பை அள்ளி, சாக்கடையைச் சுத்தம் செய்தால் அதற்கும் லீக் பட்டியலில் புள்ளி உண்டு! எத்தனை அருமையான யோசனை.

மைதானம் யார் பொறுப்பில் இருப்பது, பெண்பிள்ளைகள் எந்த நேரத்தில் வரமுடியும், நிதி நின்றுபோனால் அணி என்னாகும்? வகுப்பில் நாங்கள் மல்லுக்கட்டுவது இவற்றோடுதான். பதக்கக் கணக்கைவிட எனக்கு இவை முக்கியம். படிப்பு முடிந்ததும் எங்கள் பகுதியில் ஒரு லீக் தொடங்க வேண்டும். விதிகளைப் பிள்ளைகளே எழுதட்டும்.