அவனுக்கு என்னைக் கண்டா ஆகாது!

லாஸ் வேகாஸ் போகிறவர்கள் ‘ஸ்ட்ரிப்’ எனப்படும் பளபள வீதியில் பர்ஸைக் காலி செய்துவிட்டு ஊர் திரும்புவது வழக்கம். நான் மிச்சமிருந்த காசில் டாக்ஸி பிடித்துக் கிழக்கே போனேன். ஊர் முடிந்து பாலைவனம் ஆரம்பிக்கிற இடத்தில் ஸாம் பாய்ட் ஸ்டேடியம். கேட்டில் பூட்டு. 2020-ல் ஸ்ட்ரிப்புக்குப் பக்கத்திலேயே புது ஸ்டேடியம் வந்ததும், இங்கே ஆடிக்கொண்டிருந்த யூனிவர்சிட்டி டீம் அங்கே குடிபோய்விட்டது.

கம்பி வழியே எட்டிப் பார்த்தேன். இதுவும் சூதாட்டம் நடந்த இடம்தான் சார். பணயம் வைத்தது எலும்பை!

2001 பிப்ரவரி 3. ‘எக்ஸ்.எஃப்.எல்.’ என்ற புது அமெரிக்கன் ஃபுட்பால் லீக் இங்கே ஆரம்பமானது. எக்ஸ் என்றால் என்ன? ஒன்றுமில்லை, சும்மா எக்ஸ்! முதலாளி வின்ஸ் மக்மஹோன். நம் வீட்டு வாண்டுகள் டிரம்ப் கார்டு விளையாடினார்களே, அந்த டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்தத்தின் அதிபர். பாதிப் பங்கு என்.பி.சி. டி.வி.க்கு.

இந்த ஆட்டத்தில் பெயர்தான் ஃபுட்பால். பெரும்பாலும் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட்டம், மோதல். அதுவும் மக்மஹோனுக்குப் போதவில்லை. டாஸ் போடுவதை ஒழித்தார். பந்தைத் தூரத்தில் வைத்து, ஆளுக்கொருவரை ஓடவிட்டு, யார் பாய்ந்து பிடிக்கிறாரோ அவர் டீமுக்கு சாய்ஸ். அதே ராத்திரி ஒர்லாண்டோவில் இப்படிப் பாய்ந்த ஒருவருக்குத் தோள்பட்டை விலகி, சீசன் முழுக்க அவுட். நாணயம் சுண்டினால் நகம்கூட உடையாது!

சம்பளம்? கணக்குப் படித்தவனுக்குக் கை அரிக்குமே! பெரும்பாலானவர்களுக்கு சீசனுக்கு 45,000 டாலர். ஜெயித்தால் மேட்சுக்குத் தலைக்கு 2,500 போனஸ். பெரிய லீகான என்.எஃப்.எல். கழித்துக் கட்டியவர்களும், சேர்க்கவே சேர்க்காதவர்களும்தான் வந்தார்கள். டாமி மேடக்ஸ் என்பவர் இடையில் இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர்!

முதுகில் பட்டப்பெயர் போட்டுக்கொள்ளலாம் என்றதும், லாஸ் வேகாஸ் டீமின் ராட் ஸ்மார்ட் போட்டுக்கொண்டது ‘ஹி ஹேட் மி’. ‘எஸ்’ எங்கே என்று இங்கிலீஷ் வாத்தியார் கேட்கலாம். நம் பாஷையில், ‘அவனுக்கு என்னைக் கண்டா ஆகாது’. தன்னை விட்டுவிட்டு இன்னொருவனை கோச் இறக்கினால் மனசுக்குள் ஓடுமே, அந்த வசனம். இன்க்ரிமென்ட் லிஸ்ட்டில் பேர் விட்டுப்போன எவனுக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. கோடிக்கணக்கான பேர் பார்க்க அந்த முதுகு ஓடியது. லாஸ் வேகாஸ் 19-0 என்று ஜெயித்தது.

அடுத்த வாரமே டி.வி. ஜனம் கழன்றுகொண்டது. மே மாதம் கடை சாத்தியாச்சு. இரண்டு முதலாளிகளுக்கும் தலா சுமார் மூன்றரைக் கோடி டாலர் நஷ்டம். பத்திரிகைகள் வெளுத்து வாங்கின. மட்டமான ஷோதான், நானும் மறுக்கவில்லை.

ஆனால் இன்ஷூரன்ஸ்காரர் மேடக்ஸ் அங்கிருந்து பிட்ஸ்பர்க் போய், 2002-ல் என்.எஃப்.எல்.லின் ‘மீண்டு வந்த வீரர்’ விருது வாங்கினார். ராட் ஸ்மார்ட் கரோலைனா டீமில் சேர்ந்து, 2004 பிப்ரவரியில் சூப்பர் பௌல் இறுதிப் போட்டியே ஆடினார். மூன்று பாயின்ட்டில் தோல்வி. அன்று அவர் முதுகில் இருந்தது வெறும் ‘ஸ்மார்ட்’.