கியர் விழ மறுத்த வண்டி

நாற்பத்தாறு வயது நிறைந்தபின் மோட்டார் சைக்கிள் பழகப் புகுந்த எம்மைக் கண்டு வெருகலில் நகையாதவர் அரியர். பள்ளி மாணவர் வாய்பொத்தி நகைத்தனர். அவர்தம் பெற்றோர் வாய்பொத்தாமலே நகைத்தனர். ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டுகளைச் சைக்கிளிலும் பஸ்ஸிலும் கழித்துவிட்ட ஒருவர், திடீரென்று தலைக்கவசமும் எல் பலகையுமாகக் கோயில் வீதியில் தோன்றினால், யார்தான் என்ன செய்வார்கள்?

எமக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதே உண்மை. அன்னையாருக்குச் சீனி வருத்தம். மாதம் ஒருமுறை மூதூர் ஆஸ்பத்திரியின் கிளினிக்கிற்கு அவரை அழைத்துச் செல்லவேண்டும். முப்பது கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வழி. காலை பஸ்ஸைத் தவறவிட்டால் கிளினிக்கின் வரிசையில் கடைசி இடந்தான் கிடைக்கும், அதுவும் கிடைத்தால். 2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டிருந்த வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியபோது, சேமிப்பையும் கடனையும் ஒன்றாய்க் கூட்டி, நான்கு கியர் கொண்ட 100 சி.சி. இந்திய வண்டி ஒன்றை அவ்வாண்டு வைகாசியில் வாங்கினோம்.

வீதியைப் பற்றி முறைப்பாடு சொல்ல இடமில்லை. எமது இளமையில் இதே வழியில் திருகோணமலைக்குப் போகிறவர் துறைக்குத் துறை இறங்கி, பாதை வரும்வரை கரையில் காத்து நிற்பார். (பாதை என்று நாம் சொல்வது வாகனங்களையும் மனிதரையும் ஒன்றாய் ஏற்றி ஆற்றைக் கடத்தும் மிதவையை. வெளியூர் அன்பர்கள் இச்சொல்லைக் கேட்டு மயங்குவதுண்டு.) 2009ஆம் ஆண்டு கிண்ணியாவில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது. அடுத்து வந்த சில ஆண்டுகளில் வெருகல் உள்ளிட்ட ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. பாதைகள் போயின. இன்று வெருகல் கங்கையை ஒரு நிமிடத்திற்குள் கடந்துவிடலாம்; வண்டி ஒழுங்காக ஓடினால்.

எமது வண்டி ஒழுங்காக ஓடவில்லை. முதலாம் கியரை மிதித்தால் கடகடவென்று ஓர் ஓசை; அதனுடன் ஒரு துள்ளல். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது சிலவேளை இரண்டுமில்லாத ஓரிடத்தில் கியர் தங்கிவிடும்; இயந்திரம் அலறும், வண்டி நகராது. நிறுத்தத்தில் நியூற்றலைத் தேடி எடுப்பதோ, இருட்டறையில் ஊசி தேடும் வேலை. பச்சை விளக்கு எரிந்தது என்று கிளச்சை விட்டால், வண்டி ஆட்டுக்கடாவைப்போல் முன்னே பாய்ந்து நின்றுவிடும்.

அறிவுரைக்குப் பஞ்சம் இருக்கவில்லை. எமது பாடசாலைச் சிற்றூழியர், "கியர் குறைக்கக் கால்விரலாலே கீழே அமத்துங்கோ சேர்" என்றார். அவர் சொன்னபடி அமர்த்தினோம். குறையவேண்டிய கியர் கூடிவிட்டது. பின்னர்தான் தெரிந்தது, அவருடைய வண்டியில் முதலாம் கியர் கீழும் ஏனையவை மேலும், நியூற்றல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையிலும் என்று. எமது வண்டியிலோ முன்மிதியை அமர்த்த அமர்த்தக் கியர் ஏறும். குதிகாலால் பின்மிதியை அமர்த்த இறங்கும். ஒரே வீதியில் ஓடும் இரு வண்டிகளுக்கு இரு வேறு இலக்கணம்!

எமது சிறிய தந்தையார் இன்னும் ஒருபடி மேலே போனார். எண்பதைக் கடந்த அவர், இளமையில் 125 சி.சி. பி.எஸ்.ஏ. பான்ரம் ஓட்டியவர். மூன்றே கியர் உள்ள அந்த வண்டியைப் பற்றி இன்றும் காவியம் பாடுவார். "தள்ளடா, நான் காட்டுறன்" என்று ஏறி அமர்ந்து, நாம் தடுக்குமுன் புறப்பட்டு, பத்து முழம் போனதும் வலக்காலால் ஓங்கி மிதித்தார். வண்டி குத்திட்டு நின்றது. அவர் காலத்து ஆங்கில வண்டிகளில் கியர் வலக்காலுக்கும் பிரேக் இடக்காலுக்கும் உரியவை. 1970களின் நடுவில் அமெரிக்கா, கியர் இடக்காலிலேயே இருக்கவேண்டுமெனச் சட்டம் செய்த பின்னர் உலகெங்கும் அதுவே வழக்கமாயிற்று. சிறிய தந்தையார் மிதித்தது எமது பிரேக்கை. "வண்டி பிழையடா" என்று தீர்ப்புக் கூறி இறங்கிப் போய்விட்டார்.

இவையெல்லாம் நகைப்புக்குரியனவாகவே இருந்தன, ஆடி மாதக் கிளினிக் நாள் வரை.

அன்று அன்னையார் சேலையுடன் ஒருபக்கமாகப் பின்னால் அமர்ந்திருந்தார். பூநகரைத் தாண்டி, நான்காம் கியரில் சென்றுகொண்டிருந்தோம். வீதியின் குறுக்கே மாட்டுப் பட்டியொன்று படுத்துக் கிடந்தது. இது எமது பகுதியில் புதுமையன்று. காலை வெயிலில் தார் வீதியை மாடுகள் தமக்கென்று போட்ட பாயாகவே கருதுகின்றன. நாம் பதற்றத்தில் பிரேக்கை மட்டும் பிடித்து, கியரைக் குறைக்காமலே நின்றுவிட்டோம். பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. குதிகாலால் மிதித்தோம், ஒருபடி இறங்கிற்று. மறுபடி மிதித்தோம், அசையவில்லை. மீண்டும் மிதித்தோம், கல்லை மிதித்தாற்போல் இருந்தது. லொறி மீண்டும் அலறியது. அறிவிழந்து கிளச்சை விட்டோம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, இயந்திரம் நின்று, இடப்பக்கம் சரிந்தது.

பெரிய விபத்தன்று. லொறிக்காரரே இறங்கி வந்து தூக்கிவிட்டார். அன்னையாரின் செருப்புக் கழன்று, இடக்காற் பெருவிரலின் ஓரம் சரளைக்கல்லில் உரசித் தோல் போயிருந்தது. "நோகேல்லை மகன், நீ வண்டியைப் பார்" என்றார்.

கிளினிக்கில் காலைக் கழுவிய தாதி அப்புண்ணை நெடுநேரம் பார்த்தார். "நோகுதா அம்மா?" என்று கேட்டார். இல்லை என்று அன்னையார் பெருமையோடு சொன்னார். தாதி எம்மை அப்பால் அழைத்து, "நோகாததுதான் சேர் பயம்" என்றார். சீனி பல ஆண்டுகள் உடலில் நின்றால் காலின் நரம்புகள் மரத்துப்போகும், இரத்தவோட்டமும் குறையும், அதனால் சிறு கீறல் அறியாமலே புரையோடி, விரலையும் சிலரில் காலையுமே எடுக்கும் நிலைவரை போகக்கூடும் என்று விளக்கினார். நாள்தோறும் கழுவி, மருந்திட்டுக் கட்டவேண்டும். வெறுங்காலுடன் வாசலுக்கும் இறங்கக்கூடாது.

திரும்பும்போது அன்னையார் வண்டியில் ஏறவில்லை. "நான் பஸ்ஸில வாறன்" என்றார். கோபமில்லை, குற்றச்சாட்டுமில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் தனியே ஓட்டி வந்த அந்த வழியில், அவருடைய சேலைத்தலைப்பு யன்னலில் அசைவதையே பார்த்து வந்தோம்.

மறுநாளே வண்டியை மூதூரில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். அதன் உரிமையாளரை ஊரார் எல்லோரும் நானா என்றே அழைப்பர், நாமும் அப்படியே. அவர் வண்டியை இயக்கவுமில்லை. கிளச் பிடியை ஒருவிரலால் இழுத்துப் பார்த்தார். "சேர், இது பாதி தூரம் சும்மாதானே வருது" என்றார். பிடியின் நுனி ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் வரை தளர்ந்திருப்பதே முறை. எமது வண்டியில் அதைப்போல் மும்மடங்கு. விற்றவர்கள் பூட்டும்போதே கவனிக்கவில்லை. புதுக் கேபிளும் ஓட ஓட நீண்டிருக்கிறது. நாம் முழுதாய்ப் பிடித்தும் கிளச் முழுதாய் விடுபடவில்லை. இயந்திரத்தின் இழுப்பு இருந்துகொண்டே இருக்க, அதன்மேல் கியரை மாற்ற முயன்று வந்திருக்கிறோம்.

பின்னர் ஒயிலை வடித்தார். மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலானவற்றில் இயந்திரம், கிளச், கியர்ப்பெட்டி மூன்றுக்கும் ஒரே ஒயில்தான் என்பதை அன்றுதான் அறிந்தோம். புது வண்டிக்கு முதல் ஒயிலை 500 முதல் 1000 கிலோமீற்றருக்குள் மாற்றவேண்டும் என்று கையேட்டில் அச்சிட்டிருந்தது. மாணவரின் கொப்பிகளில் ஒரு காற்புள்ளியையும் தவறவிடாத நாம், எமது கையேட்டைப் பிரித்தும் பார்க்கவில்லை. கறுத்து வடிந்த ஒயிலில் வெயில் பட்டபோது மெல்லிய மினுக்கம் தெரிந்தது. புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிர்த்த இரும்புத்தூள். கார் ஒயில் ஊற்றவேண்டாம், கிளச் வழுக்கும் என்றும் எச்சரித்தார்.

"இனிச் சரியா?" என்று கேட்டோம். நானா சிரித்தார். "வண்டி சரி சேர். இனி உங்கட காலைப் பாப்பம்."

கியர்ப்பெட்டியினுள் நடப்பதை அவர் விளக்கிய விதம் எமக்கு இன்றும் வியப்பு. பற்சக்கரங்கள் எப்போதும் கோத்தபடியேதான் சுழல்கின்றன. நாம் மிதிக்கும்போது அவை பிரிந்து சேர்வதில்லை. ஒரு சக்கரம் பக்கவாட்டில் நகர, அதன் விலாவிலுள்ள தடித்த மொட்டுகள் அடுத்த சக்கரத்தின் குழிகளிற் போய் விழுகின்றன. "பழைய பாதை கரைக்கு அணையிறதைப் பாத்திருப்பீங்கதானே? மெதுவா வந்து, பலகை நேரா இருக்கேக்க ஒரே தள்ளு. அரைவாசியில விட்டா லொறி தண்ணிக்குள்ள." நாம் பயத்தினால் பாதி மிதித்துக் காலை எடுத்திருக்கிறோம், மொட்டுகள் குழியின் விளிம்பில் உரசி, கடகடவென்று திரும்பியிருக்கின்றன. மெல்ல மிதிப்பது வண்டிக்குச் செய்யும் இரக்கம் என்று எண்ணியிருந்தோம்!

மாட்டுப் பட்டியின் முன் நேர்ந்ததும் அப்போது விளங்கிற்று. வண்டி நின்றுவிட்டால் சக்கரங்களும் நின்றுவிடும். மொட்டுக்கு நேரே குழி வராவிட்டால் எவ்வளவு மிதித்தும் பயனில்லை. ஓட்டம் இருக்கும்போதே படிப்படியாய் இறக்கவேண்டும். மறந்து நின்றுவிட்டால், கிளச்சைச் சற்றே தளர்த்தியோ வண்டியைச் சிறிது முன்னும் பின்னும் உருட்டியோ மீண்டும் மிதிக்கவேண்டும். இதைச் சொல்லித்தர அரை நிமிடம் போதும். எமக்கு அந்த அரை நிமிடம் ஒரு மாதம் பிந்திக் கிடைத்தது.

அன்றுமுதல் மாலைதோறும் பாலத்தடியிலிருந்து கோயில்வரை போய்வந்தோம். முறுக்குப்பிடியை மூடு, கிளச்சை முழுதாய்ப் பிடி, மிதியை அடிவரை மிதி, பிறகு விடு. வாய்ப்பாடு மனனம் செய்யும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைபோல் வாய்விட்டே சொல்லிக்கொண்டோம். காலையில் ஒயில் குளிர்ந்திருக்கும்போது முதலாம் கியர் சிறிது தட்டும். அது இயல்பு என்பதையும் கண்டுகொண்டோம். மாலையில் வீடு திரும்பியதும் அன்னையாரின் காலைக் கழுவி, மருந்திட்டுக் கட்டுவது எமது வேலை. ஒவ்வொரு நாளும் அப்புண்ணைப் பார்க்கும்போது வயிறு கலங்கும். மூன்று வாரம் வரை ஒரு மாற்றமும் இல்லை. நாலாம் வாரம் ஓரத்தில் வெளிறிய தோல் ஒரு கோடாய்த் தெரிந்தது.

ஆவணிக் கிளினிக்கிற்கு அன்னையார் பஸ்ஸில்தான் போனார். புரட்டாதியில், நாம் கேட்காமலே, விடியற்காலையில் மூடிய செருப்பணிந்து வாசலுக்கு வந்து வண்டியின் பின் இருக்கையைச் சேலைத்தலைப்பால் துடைத்தார். ஒன்றும் பேசவில்லை, எமது தோளைப் பிடித்து ஏறி அமர்ந்தார். அந்தப் பிடி இறுக்கமாகவே இருந்தது. வெருகற் பாலத்திற்குப் புறமுதுகு காட்டி வடக்கே திரும்பினோம். இரண்டு, மூன்று, நான்கு. மாடுகள் படுத்திருந்த இடம் வந்தது. அன்றும் நாலைந்து படுத்திருந்தன. நூறு முழத்துக்கு முன்னரே மூன்றுக்கும், பின்னர் இரண்டுக்கும் இறக்கினோம். ஒரு கிழட்டு எருமை எழுந்து வழிவிட்டது. தோளிற் பிடி தளர்ந்தது எப்போதென்று எமக்குத் தெரியாது.

"மகன், அந்தக் கடையடியில ஒருக்கா நிப்பாட்டு. வெத்திலை வாங்கவேணும்" என்றார் அன்னையார்.

நிறுத்தினோம். பச்சை விளக்கு எரிந்தது. கிளச்சை விட்டுப் பார்த்தோம். வண்டி அசையாமல் நின்றது.