மின்கலத்தின் மேல் பழி

நோய் இன்னதென்று அறிந்து, அது வந்த காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து கொடுக்க வேண்டும் என்று திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார். மனித உடலுக்குக் கூறிய அவ்வறிவுரை இயந்திரங்களுக்கும் பொருந்தும் என்பதை, எங்கள் பள்ளித் திடலின் புல்வெட்டும் வண்டி எங்களுக்குக் கற்பித்தது.

ஜொகூர் மாநிலத்தில் மழைக்குக் குறைவில்லை. நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்று வேறு வீசும். செம்பனைத் தோட்டத்தை அடுத்துள்ள பள்ளியில் புல் வளர்ந்தால் பாம்பு வரும்; புல்லுக்குள் கிடக்கும் டின்களில் மழைநீர் தேங்கி, டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினராகிய நாங்கள், மேலே அமர்ந்து ஓட்டும் பழைய புல்வெட்டும் வண்டி ஒன்றைப் பராமரித்து வருகிறோம். தோட்டத்தில் வியர்வை சிந்தும் பெற்றோர் சிறுகச் சிறுகக் கொடுத்த வெள்ளியில் வாங்கியது அது.

பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு வாரங்களே இருந்தபோது வண்டி கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்னும் ஒலி மட்டுமே கேட்டது. பேட்டரி எனப்படும் மின்கலமோ அண்மையில்தான் மாற்றப்பட்டது. கடையில் விசாரித்தபோது, மின்கலம் பழுதாகியிருக்கும், இன்னொன்று வாங்குங்கள் என்றனர். வாங்கினால், போட்டிப் பரிசுகளுக்கென ஒதுக்கிய பணத்தில் கைவைக்க நேரும். பிள்ளைகளின் பரிசா, வண்டியா என்று கலங்கினோம்.

தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் டிராக்டர்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை அழைத்தோம். நம் மாணவர் ஒருவரின் தாத்தா அவர்.

“முதலில் அளந்து பார்ப்போம், தம்பி. வாங்குவதைப் பிறகு பேசலாம்” என்றார்.

மின்கல முனைகளில் பூத்திருந்த வெண்பொடியைச் சமையல் சோடா கலந்த நீரால் துடைத்தார். அதைத் தனியே மின்னேற்றி, சில மணி நேரம் ஆறவிட்டு, மீட்டரால் அளந்தார். 12.6 வோல்ட் காட்டியது. அது நிறைந்த மின்கலத்தின் அளவு. பிறகு எஞ்சினை வேகமாக ஓடவிட்டு மீண்டும் அளந்தார். மின்னேறுகிறது என்றால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். மீட்டரோ 12.3 காட்டி, மேலும் இறங்கியது.

“பேட்டரி மேல் குற்றமில்லை, ஐயா. ஊற்று அடைபட்ட கிணற்றில் இறைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?” என்று அவர் கேட்டபோது எங்களுக்கு உண்மை விளங்கியது.

அந்த ஊற்று எது? எஞ்சினின் சுழல்சக்கரத்தில் காந்தங்கள் உள்ளன. அவை செம்புக் கம்பிச் சுருளைச் சுற்றி ஓடும்போது மின்சாரம் பிறக்கிறது. 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்ட தத்துவம் இது. திசை மாறி மாறி வரும் அம்மின்சாரத்தை ஒரே திசையில் செலுத்தி, அளவோடு மின்கலத்துக்கு அனுப்புவது ரெகுலேட்டர் என்னும் சிறு கருவி.

பெரியவர் பியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. சுருளின் மின்சாரத்தை அளந்தார். போதிய அளவு வந்தது. எஞ்சியது ரெகுலேட்டர். இவ்வண்டியில் அதன் உலோக உடலே மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி. அதைக் கழற்றியபோது, அடியில் துருவும் காய்ந்த புல்லும் அப்பிக் கிடந்தன. உப்புத்தாளால் பளிச்சிடத் தேய்த்து, ஆணிகளை இறுக்கினார். எஞ்சின் ஓடியது, மீட்டர் 14.1 காட்டியது! செலவு ஒரு தாள் உப்புத்தாள் மட்டுமே.

மாணவச் செல்வங்களே! மின்கலத்தில் கந்தக அமிலம் உண்டு. மின்னேறும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். நீங்கள் அதைத் தொடலாகாது. அருகில் நெருப்பும் ஆகாது. பெரியோர் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது அதனை இறுதியில் மாட்ட வேண்டும். மழைக்காலத்தில் வண்டி சும்மா நின்றாலும் அவ்வப்போது மின்னேற்றி வைப்பது நன்று. மின்சாரம் வடிந்த நிலையில் நெடுநாள் கிடந்தால் ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து இறுகும். பிறகு நல்ல மின்கலமும் மீளாது.

போட்டி குறித்த நாளில் நடந்தது, பரிசுகளும் குறையவில்லை. பெரியவர் கூலி வாங்க மறுத்து, ஒரு குவளைத் தேநீர் மட்டும் அருந்திச் சென்றார். அவரிடம் சான்றிதழ் ஏதுமில்லை. ஆயினும், ஐயம் கொள்வதும், அளந்து பார்ப்பதும், ஒவ்வொன்றாக விலக்கிக் காரணத்தை அடைவதும் அறிவியலே அல்லவா? இத்தகைய கல்வி நம் தோட்டத்துப் பெரியவர்கள் பலரின் கைகளில் இருக்கிறது. வரும் விடுமுறையில் உங்கள் தாத்தாவின் அருகே அமர்ந்து, அவர் செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். கேட்டதை ஏட்டில் எழுதி வையுங்கள்.