ஐயா எண்ணிய நான்கு ஓசைகள்

சிறுவர்கள் கயிறு கட்டி இழுக்கும் பொம்மை வண்டியைப் பற்றி நான் எழுதவில்லை. கரி தின்று, நீர் குடித்து, தன் சொந்த நீராவியால் ஓடும் மெய்யான இயந்திரம் ஒன்றைச் சிறிய அளவில் ஆக்க வேண்டுமென்ற ஆசை, ஐம்பது வயதைக் கடந்தபின் என்னைப் பற்றிக்கொண்டது. காரணம் என் தகப்பனார். 1960ஆம் ஆண்டுகளில் புகையிரத இயந்திரங்களுக்குக் கரி அள்ளிப் போட்டவர் அவர். இன்று எண்பத்தாறு வயது. அந்தப் பழைய ஓசை இன்னும் ஒருமுறை அவர் காதில் விழவேண்டுமென்பதே என் அவா.

நமது நாட்டின் அகலப் பாதை 5 அடி 6 அங்குலம். அதனைப் பதினாறில் ஒன்றாகக் குறுக்கினால் 4⅛ அங்குலம். இந்த அளவில் நானே படம் வரைந்தேன். வார்ப்பு உறுப்புகளைக் கடல் கடந்து வருவிக்க என் கைப்பொருள் இடந்தரவில்லை. ஆகவே எல்லாவற்றையும் உலோகத் தண்டுகளிலிருந்தே வெட்டி எடுப்பதெனத் துணிந்தேன். மூன்றேகால் அங்குல உருக்குத் தண்டை வில்லை வில்லையாக அறுத்துக் கடைந்தபோது சக்கரங்கள் பிறந்தன. சதுர வெண்கலத் துண்டைக் குடைந்தபோது உருளைகள் உருவாயின. இடப்புறச் சக்கரத்தின் சுழற்றி வலப்புறத்துக்கு 90 பாகை விலகி நிற்கவேண்டும். அப்போதுதான் ஒரு முசலம் தன் எல்லையில் தயங்கி நிற்கையில் மற்றது தள்ளும்.

மூன்று ஆண்டுகள் சென்றன. செப்புக் கொதிகலனைச் செந்தணலாகக் காய்ச்சி வெள்ளிப் பற்றாசால் ஒட்டினேன். அது சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல் அமுக்கத்தில் வேலை செய்யவேண்டியது. ஆகவே குளிர்ந்த நீரை நிரப்பி 160 இறாத்தல் வரை அமுக்கிச் சோதித்தேன். நீர் அமுக்கத்துக்கு எளிதிற் சுருங்காது. மூட்டு விட்டாலும் கசியுமேயன்றி வெடிக்காது. ஒரு துளியும் கசியவில்லை. பெருமிதத்தோடு தீ மூட்டினேன்.

தீ எரியவில்லை. புகைந்தது, கறுத்தது, அணைந்தது. மூன்று முறை மூட்டியும் அதே கதி. சாய்வு நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஐயா மெல்லச் சொன்னார்: “தம்பி, உதுக்கு மூச்சுவிட வழியில்லை.”

படத்தை மீண்டும் விரித்தேன். பெரிய இயந்திரத்தின் இரண்டங்குலப் புகைக்குழாயை நான் அப்படியே பதினாறால் வகுத்து, அரைக்கால் அங்குலக் குழாய்கள் நாற்பதை வைத்திருந்தேன். விட்டம் பதினாறில் ஒன்றானால் குழாயின் வாய் 256இல் ஒன்றாகிவிடுகிறது. ஆனால் கரித்தூளும் காற்றும் நமக்காகச் சிறுத்துக் கொடுப்பதில்லை. 1829இல் பரிசு வென்ற ஸ்டீபன்சனின் ‘ராக்கெட்’ இயந்திரத்திலே மூன்றங்குலச் செப்புக் குழாய்கள் இருபத்தைந்து இருந்தன. தீயின் உயிர் அந்தக் குழாய்களில் இருக்கிறதென்பதை நூலில் படித்திருந்தும் நான் உணரவில்லை.

ஒட்டிய குழாய்களைப் பிரித்தெடுக்க இயலாது. கொதிகலனையே ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கவேண்டும். செம்பின் விலையைவிட என்னை வாட்டியது ஐயாவின் வயது. அவ்வாண்டு மாரியில் அவர் இருமுறை நோயிற் படுத்தார். நானோ இரவிலும் கொட்டிலில் இருந்தேன். இம்முறை முக்காற்பங்கு அரை அங்குலக் குழாய்கள் பன்னிரண்டே வைத்தேன். நீர்ச் சோதனையை விட்டுவிடலாமென்று ஒருநாள் மனம் சபலப்பட்டது. “அவசரத்துக்கு ஆவி பொறுக்காது” என்று ஐயா தடுத்துவிட்டார். சோதித்ததில் ஒரு மூட்டுக் கசிந்தது. மறுபடி காய்ச்சி ஒட்டினேன்.

ஏழாம் மாதம், ஒரு ஞாயிறு காலை, முற்றத்துத் தண்டவாளத்தில் அது நின்றது. கரியை ஐயாவே சிறு கரண்டியால் இட்டார். கை நடுங்கிற்று, ஆனால் ஒரு துண்டும் சிந்தவில்லை. அமுக்கமானி ஏறியது. நெம்பை மெல்லத் திறந்தேன். பேரனை ஏற்றிய சிறு தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு இயந்திரம் நகர்ந்தது.

இரண்டு உருளைகளும் முன்னும் பின்னுமாய் ஆவி விடுவதால், சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நான்கு ஓசைகள் கேட்கும். ஐயா கண்களை மூடிக்கொண்டு விரல்களை மடக்கி எண்ணினார்.

“நாலும் ஒரே மாதிரி விழுது,” என்றார். பிறகு நெடுநேரம் அவர் பேசவில்லை.